மண்ணுக்குப் போகவும் வர்த்தமானி வேண்டுமா? தெரியுமா?

இலங்கையில் ஒரு பிரதேச சபை ஏறத்தாழ ஒரே வருடத்தில், ஒரே இடத்தில் 3,634 பேரை நல்லடக்கம் செய்திருக்கிறது, தெரியுமா? அது யுத்த வருடமல்ல. சுனாமி வருடமுமல்ல. 2021 மார்ச் 5ஆம் திகதி தொடங்கி 2022 மார்ச் வரை நடந்தது. இடம், மட்டக்களப்புக்கு வடக்கே வாழைச்சேனையை ஒட்டிக் கிடக்கும் ஓட்டமாவடி. அங்கே மஜ்மா நகர் என்றொரு குடியேற்றம். அதன் ஓரத்தில் அந்த மையவாடி.

அதைவிட ஆச்சரியம் அதற்குள்ளே யார் யார் படுத்திருக்கிறார்கள் என்பது. கோறளைப்பற்று மேற்கு பிரதேச சபையின் கணக்கு இது: முஸ்லிம்கள் 2,992, பௌத்தர்கள் 287, இந்துக்கள் 270, கிறிஸ்தவர்கள் 85. முஸ்லிம்களுக்கு என்று திறந்த மையவாடியில் முஸ்லிம் அல்லாதோர் 642 பேர்! நாலு மதத்தாரும் ஒரே மண்ணில், பக்கம் பக்கமாக! சர்வமத மாநாடுகளில் குத்துவிளக்கு ஏற்றிக் கைகோத்துப் படம் எடுப்பவர்கள் யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல இது. நாடு முழுக்கக் கொரோனாவால் இறந்தவரைப் புதைக்க அனுமதி இருந்த இடம் அந்த நேரத்தில் இது ஒன்றுதான். அதனால் புதைக்க நினைத்த குடும்பமெல்லாம் இங்கேதான் வரவேண்டியிருந்தது. கொழும்பில் மூச்சு நின்றவருக்குக் கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் தள்ளி, இராணுவக் காவலோடு போய்ச் சேர்ந்த இடத்தில் கபுறு. கூடப் போக ஒருசில உறவினருக்கு மட்டும் அனுமதி.

ஒரு மனிதனின் உடம்பு யாருக்குச் சொந்தம்? உயிரோடு இருக்கும்வரை அவனுக்கு என்று சொல்லிவிடலாம். செத்த பிறகு? குடும்பத்துக்கா, ஊருக்கா, மதத்துக்கா, சுகாதார அமைச்சுக்கா? 2020இல் இலங்கை அரசு இந்தக் கேள்விக்கு வர்த்தமானியில் பதில் எழுதியது. ஏப்ரல் 11ஆம் திகதி, 2170/8ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி. கொரோனாவால் இறந்தவர், அல்லது இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர், எரிக்கப்பட வேண்டும். எரித்தால் போதாது, வெப்பநிலையும் எழுதியிருந்தார்கள்: 800 முதல் 1,200 பாகை செல்சியஸ். நேரமும் எழுதியிருந்தார்கள்: குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம். “சந்தேகிக்கப்படுபவர்” என்ற சொல்லை இன்னொரு தடவை பாருங்கள். நோய் உறுதியாக வேண்டிய தேவைகூட இல்லை!

இதற்குச் சில நாட்களுக்கு முன், மார்ச் மாதக் கடைசியில், இதே சுகாதார அமைச்சின் வழிகாட்டி புதைக்கலாம் என்று சொல்லியிருந்தது, தெரியுமா? மார்ச் 30ஆம் திகதி நீர்கொழும்பைச் சேர்ந்த முஸ்லிம் ஒருவர் கொரோனாவால் இறந்தார். அவரை எரித்தார்கள். அடுத்த நாளே வழிகாட்டி மாறியது. உலக சுகாதார நிறுவனமோ மார்ச் 24ஆம் திகதியே சொல்லிவிட்டது: புதைக்கலாம், எரிக்கலாம், எதுவானாலும் பாதுகாப்பாகச் செய்யுங்கள், இறந்தவரின் மதத்துக்கும் குடும்பத்துக்கும் மரியாதை கொடுங்கள். உலகத்தில் 180க்கும் மேற்பட்ட நாடுகள் புதைத்துக்கொண்டிருந்தபோது சின்னஞ்சிறு தீவொன்று, புதைத்தால் தன் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று பயந்தது.

சரி, நீரைப் பற்றி அவ்வளவு பயந்தார்களே, அதே வருடம் நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி என்ன செய்தார் தெரியுமா? கொரோனாவை விரட்ட, ஓதிய நீர் நிறைத்த மண்குடத்தை ஆற்றில் போட்டார்! படம் உலகம் முழுக்கச் சுற்றியது. டிசம்பரில் கேகாலையில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கலந்து பாணி காய்ச்சி, காளியம்மன் தனக்குச் சொன்ன மருந்து என்றார். வாங்க ஆயிரக்கணக்கில் சனம் முட்டி மோதியது. அமைச்சரும் குடித்துக் காட்டினார். ஜனவரியில் அவருக்கே கொரோனா வந்தது. சிரிப்பதற்கு இதைச் சொல்லவில்லை. இன்னொருவனுடைய நம்பிக்கை விஞ்ஞானத்துக்குப் புறம்பானது என்று தீர்மானித்த அதிகாரம், தன் நம்பிக்கையை ஆற்றில் மிதக்கவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்த 2020இலிருந்து 123 வருடம் பின்னுக்குப் போவோம். அந்த வர்த்தமானிக்கு வேர் எது தெரியுமா? தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் போட்டது. பம்பாயில் பிளேக் பரவி, கப்பலோடு இலங்கைக்கும் வந்துவிடும் என்று பயந்த காலம். இந்தியாவிலும் அதே வருடம் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது. அதன் இலக்கம் என்ன? அதுவும் 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம்! இரண்டு நாடு, ஒரே வருடம், ஒரே இலக்கம். இரண்டும் 2020இல் மறுபடி எழுந்து வந்தன.

அந்தச் சட்டம் இந்தியாவில் முதல் வருடமே என்ன கூத்துக் காட்டியது தெரியுமா? புனேயில் பிளேக் ஆணையாளராக இருந்த ராண்ட் என்பவரின் கீழே சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்தார்கள். சாமி அறைவரை போனார்கள், சாமான்களை வெளியே போட்டு எரித்தார்கள், பெண்களைத் தெருவில் நிறுத்திச் சோதித்தார்கள். 1897 ஜூன் 22ஆம் திகதி சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டார்கள். அடுத்த மாதம் கைதானவர் யார்? பத்திரிகை நடத்திய திலகர்! தன் ‘கேசரி’யில் எழுதியதற்காக இராஜத்துரோகக் குற்றம், 18 மாதச் சிறை. நோய்த்தடுப்பில் தொடங்கி, வீட்டுக்குள் புகுந்து, பத்திரிகைக்காரனின் பேனாவில் வந்து முடிந்தது. உடம்பு, உடைமை, பேச்சு மூன்றுக்கும் தனித்தனி வேலி கிடையாது. ஒன்றைப் பிரித்தால் மற்ற இரண்டுக்குள்ளும் தானாகவே வழி வந்துவிடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: இலங்கை அரசு தமிழ்நாட்டு மண்ணிலேயே தனிமைப்படுத்தல் முகாம் நடத்தியது, தெரியுமா? இராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள மண்டபம் முகாம்தான் அது! தேயிலைத் தோட்டத்துக்குப் போன தமிழ்த் தொழிலாளரை அங்கே சில நாள் தடுத்து வைத்து, ஊசி போட்டு, பிறகுதான் கப்பல் ஏற்றினார்கள். அதே மண்டபம் 1980களிலிருந்து எதிர்த் திசையில் ஓடிவந்த ஈழ அகதிகளுக்கு முகாமானது.

சரி, கட்டாய எரிப்புக்கு எதிராகக் கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போனார்கள். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் சிவில் அமைப்புகளும் அடிப்படை உரிமை மீறல் மனுக்களை உயர் நீதிமன்றத்தில் போட்டார்கள். 2020 டிசம்பர் 1ஆம் திகதி தீர்ப்பு வந்தது. அதைத் தீர்ப்பு என்று சொல்வதே கஷ்டம். மனுக்களை விசாரணைக்கே எடுக்காமல் பெரும்பான்மை முடிவாகத் தள்ளுபடி செய்தார்கள். காரணம் சொல்லப்படவில்லை. ஒரு சின்னக் கடன் வழக்குக்கே பக்கம் பக்கமாகக் காரணம் எழுதும் நாடு இது!

அரசியலமைப்பில் மதச் சுதந்திரம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது, அதுவும் எப்படி! 10ஆம் உறுப்புரை: சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம். இதற்கு எந்த மட்டுப்பாடும் போட முடியாது. இதை மாற்றச் சர்வசன வாக்கெடுப்பே வைக்கவேண்டும். ஆனால் பக்கத்தைப் புரட்டினால் 14ஆம் உறுப்புரை வருகிறது. மதத்தை வெளிப்படுத்தவும் அனுட்டிக்கவும் உள்ள சுதந்திரம் அங்கே இருக்கிறது. அதற்குப் பொதுச் சுகாதாரத்தின் பேரில் மட்டுப்பாடு போடலாம் என்று 15ஆம் உறுப்புரை சொல்கிறது. அதாவது, பிரேதத்தை அடக்கத்தான் வேண்டும் என்று நீங்கள் நம்பலாம், யாரும் தடுக்க முடியாது. அடக்கத்தான் முடியாது!

இன்னும் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 16ஆம் உறுப்புரை. 1978க்கு முன்பிருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. 80ஆம் உறுப்புரையோ, பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பிறகு எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. ஆக, விக்டோரியா மகாராணி காலத்துக் கட்டளைச் சட்டம் இன்றைய குடிமகனின் உரிமைக்கு மேலே உட்கார்ந்திருக்கலாம், சட்டப்படியே.

அந்த டிசம்பரில் நடந்தவற்றைக் கேளுங்கள். கொழும்பில் 19 பிரேதங்களை உறவினர்கள் பொறுப்பேற்க மறுத்தார்கள். பொறுப்பேற்றால் எரிக்கக் கையெழுத்துப் போடவேண்டும் அல்லவா? கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே எதிர்ப்பு. சட்டமா அதிபர் டிசம்பர் 9ஆம் திகதி ஆலோசனை சொன்னார்: யாரும் பொறுப்பேற்காவிட்டாலும் எரிக்கலாம். அதே நாள் பொரளை மயானத்தில், பிறந்து 20 நாளே ஆன ஒரு முஸ்லிம் குழந்தை எரிக்கப்பட்டது. தாய் தகப்பன் சம்மதிக்கவில்லை. இதற்கு மேல் இந்தச் சங்கதியை ஆச்சரியக்குறி போட்டு எழுத என்னால் முடியாது.

அதற்குப் பிறகு பொரளை மயானத்தின் இரும்புக் கதவில் வெள்ளைத் துணி முளைத்தது. யாரோ ஒருவர் கட்ட, இன்னொருவர் கட்ட, கதவு முழுக்கத் துணி. கபன் துணி! பிரேதத்துக்கு உடுத்த விடாத துணியை மயானத்துக்கு உடுத்தினார்கள். இரவோடு இரவாக அவிழ்த்து எறியப்பட்டது. அப்புறம் நாடு முழுக்க வேலிகளிலும் வாசல்களிலும் வெள்ளைத் துணி. சிங்களவர் வீட்டிலும் கட்டினார்கள், தேவாலயத்து ஆட்களும் கட்டினார்கள். கோஷம் இல்லை, ஊர்வலம் இல்லை. ஒரு முழத் துண்டைக் கட்டுவதை எந்தச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்வது?

மாலைதீவுக் கதை தெரியுமா? டிசம்பர் 14ஆம் திகதி மாலைதீவின் வெளிநாட்டமைச்சர் அப்துல்லா ஷாஹித் ஒரு டுவிட் போட்டார். இலங்கை முஸ்லிம்களின் ஜனாஸாக்களை மாலைதீவில் அடக்குவதற்கு உதவுவது பற்றித் தங்கள் ஜனாதிபதி ஆலோசிக்கிறார் என்றது அது. கேட்டது யார்? இலங்கை ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ! கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டரே உயர்ந்த பவளத் தீவுகள் அவை. அங்கே நிலத்தடி நீர் கால்விரல் ஆழத்தில் இருக்கிறது. இங்கே புதைத்தால் நீர் கெடுமாம், அங்கே புதைத்தால் பரவாயில்லையாம். பிறந்த நாட்டில் ஆறடி இல்லை, கப்பலேறிப் போ என்பது எந்த விஞ்ஞானம்?

விஞ்ஞானம் என்றதும் ஞாபகம் வருகிறது. பேராசிரியர் ஜெனிபர் பெரேரா தலைமையிலான நிபுணர் குழு, பாதுகாப்போடு புதைக்கவும் எரிக்கவும் இரண்டுக்கும் அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. இலங்கை மருத்துவ சங்கமும் ஜனவரி தொடக்கத்தில் அதையே சொன்னது. ஜனவரி 7ஆம் திகதி சுகாதார அமைச்சர் பாராளுமன்றத்தில் எழுந்து, எரிப்புதான் தொடரும் என்றார். நிபுணர் சொல்வதைத்தான் கேட்போம் என்ற அரசு, நிபுணர்களிலும் தனக்குப் பிடித்த நிபுணர்களைத்தான் கேட்டது.

2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை ஒரு நடைபயணம் போனது. தமிழர்களின் காணி, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள் என்ற கோரிக்கைகளோடு ஜனாஸா எரிப்பை நிறுத்து என்பதும் இருந்தது. கிழக்கில் முஸ்லிம்கள் வீதிக்கு வந்து சேர்ந்து நடந்தார்கள். 1990க்குப் பிறகு கிழக்கில் தமிழரும் முஸ்லிமும் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கு விளக்க இந்தப் பத்தி போதாது.

பெப்ரவரி 10ஆம் திகதி பிரதமர் மகிந்த ராஜபக்ஷ பாராளுமன்றத்தில் புதைக்க அனுமதிப்போம் என்றார். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் உடனே நன்றி சொன்னார். பிறகு, அது நிபுணர் குழுவின் முடிவு என்று அரச தரப்பே கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக நழுவியது. 23ஆம் திகதி இம்ரான் கான் கொழும்பில் வந்து இறங்கினார். 24ஆம் திகதி புறப்பட்டார். 25ஆம் திகதி வர்த்தமானி வந்தது, புதைக்கலாம் என்று! நிலத்தடி நீர் இரண்டே நாளில் சுத்தமாகிவிட்டதா? ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியிருந்த நேரம் அது, வாக்குகள் தேவைப்பட்ட நேரம். இதையெல்லாம் தற்செயல் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே புதைப்பது? இங்கேதான் கதையின் மிக விசித்திரமான திருப்பம். மார்ச் 2ஆம் திகதி அரசு ஓர் இடத்தை அறிவித்தது: இரணைதீவு. கிளிநொச்சி மாவட்டத்துக் கடலில் கிடக்கும் தீவு. அது யாருடைய தீவு தெரியுமா? கத்தோலிக்க மீனவத் தமிழர்களுடையது. 1992இல் யுத்தத்தால் துரத்தப்பட்டவர்கள். யுத்தம் முடிந்த பிறகும் கடற்படை அங்கே இருந்தது, சொந்தக்காரர்கள் கரையில் இருந்தார்கள். 2017 மே மாதம் முழங்காவில் பக்கம் போராட்டப் பந்தல் போட்டார்கள். ஒரு வருடம் முடியப் போகிறது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி என்ன செய்தார்கள் தெரியுமா? யாரிடமும் கேட்கவில்லை. படகுகளில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு, பெண்களும் பாதிரியார்களுமாக, நேரே தீவுக்குப் போய் இறங்கிவிட்டார்கள்! 26 வருடம் கழித்துத் தங்கள் மாதா கோயிலுக்குள் கால் வைத்தார்கள். கடற்படை தடுக்கவில்லை.

அப்படி மீட்ட மண்ணில், மூன்று வருடம்கூட ஆகாமல், அவர்களைக் கேட்காமலே நாடு முழுக்கச் சாகிறவர்களைக் கொண்டுவந்து புதைப்போம் என்று கொழும்பில் ஒரு மேசையில் முடிவாகிறது. இரணைதீவு மக்கள் எதிர்த்தார்கள். முஸ்லிம்களும் எதிர்த்தார்கள், எங்களைத் தீவில் கொண்டுபோய்த் தள்ளாதே என்று. ஒரு சிறுபான்மையின் உரிமையை இன்னொரு சிறுபான்மையின் காணியில் வைத்துத் தீர்ப்பது எத்தனை சாமர்த்தியம் பாருங்கள். இரண்டு பேரும் அடிபட்டுக்கொள்ளட்டும் என்ற கணக்கு இருந்திருந்தால், அந்தக் கணக்கு அன்று பிழையாகிப் போனது.

மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடி முன்வந்தது. அப்புறம் ஒரு வருடம் இரவு பகல் பாராமல் இயந்திரத்தில் குழி வெட்டியவர்களும், பாதுகாப்பு உடைக்குள் வெந்தபடி ஜனாஸாத் தொழுத இளைஞர்களும் அந்த ஊர்க்காரர்கள். முன்பின் அறியாத சிங்களப் பௌத்தருக்கும் குழி வெட்டினார்கள். 2022 மார்ச் 5ஆம் திகதியிலிருந்து நாட்டில் எங்கேயும் புதைக்கலாம் என்று அறிவிப்பு வந்தபோதுதான் ஓய்ந்தார்கள்.

உடம்பிலிருந்து இனி உடைமைக்கு வருவோம். ஓட்டமாவடியிலிருந்து பொலன்னறுவைப் பக்கம் போனால் புனானை. அங்கே பெரிய பெரிய கட்டடங்கள் தெரியும். மட்டக்களப்பு கெம்பஸ், அரசியல்வாதி எம். எல். ஏ. எம். ஹிஸ்புல்லாஹ் முன்னின்று கட்டிய தனியார் பல்கலைக்கழகம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு அதைச் சுற்றி எவ்வளவு சந்தேகம், எவ்வளவு சர்ச்சை என்பது நாடறிந்த விடயம். 2020 மார்ச்சில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனிமைப்படுத்த அரசு அதை எடுத்தது. அவசரம், சரி. கொரோனா போனது, ஊரடங்கு போனது, ஜனாதிபதி கோட்டாபயவே நாட்டை விட்டுப் போனார், கட்டடம் மட்டும் இராணுவத்திடம் இருந்தது. திரும்பக் கொடுத்தது எப்போது தெரியுமா? 2023 செப்டம்பரில்! மூன்றரை வருடம். ஹிஸ்புல்லாஹ்வின் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் இருக்கலாம். குற்றம் இருந்தால் வழக்குப் போடவேண்டும். வழக்கு ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம்.

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சொத்துரிமை கிடையாது, தெரியுமா? தேடிப் பாருங்கள், இருக்காது. இந்தியாவில் இருந்தது, அதை 1978இல் 44ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது 300A உறுப்பாக, அடிப்படை உரிமை என்ற பெயர் இல்லாமல் ஒரு மூலையில் நிற்கிறது. இங்கே அந்த மூலையும் இல்லை. 1950ஆம் ஆண்டுக் காணி எடுத்தல் சட்டத்தில் அவசரம் என்று ஒரு வரி எழுதினால், நட்டஈட்டுப் பேச்சு முடியுமுன்னே உங்கள் வளவுக்குள் அரசு வந்து நிற்கலாம்.

இனி வாய்க்கு வருவோம். ஜனாஸா எரிப்பு தொடங்கிய அதே நாட்களில், கொரோனாவைப் பரப்பியதே முஸ்லிம்கள்தான் என்று சமூக ஊடகங்களில் வெறுப்பு வெள்ளமாக ஓடியது. ரம்ஸி ராஸீக் என்ற ஓய்வுபெற்ற அரச ஊழியர் 2020 ஏப்ரல் 2ஆம் திகதி பேஸ்புக்கில் எழுதினார்: இதற்கு எதிராகச் சிந்தனைப் போராட்டம் வேண்டும், பேனாவும் கீபோர்டும்தான் ஆயுதம் என்ற கருத்தில். ஜிஹாத் என்ற சொல் அதில் இருந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி கைது. வெளியே வந்தது செப்டம்பர் 17ஆம் திகதி. அவர்மேல் பாய்ந்த சட்டம் எது தெரியுமா? குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007! ஆம், உலகத்தில் பேச்சுரிமையையும் காப்பாற்றுவதற்கென்று எழுதிய சமவாயத்தை உள்ளூரில் அமுலாக்க வந்த சட்டம்! அதன் 3ஆம் பிரிவில் பிடித்தால் நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்ஸியின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று தீர்ப்புச் சொல்லி நட்டஈடு கொடுக்கச் சொன்னது. இந்த உயர் நீதிமன்றமும் அந்த உயர் நீதிமன்றந்தான். ஒரு வழியில் பூட்டிய கதவு இன்னொரு வழியில் திறக்கிறது, மூன்றரை வருடம் காத்திருக்கத் தெம்பு இருந்தால்.

இதே சட்டத்தில் 2019இல் ஹசலக்கையில் ஒரு பெண் கைதானார். குற்றம், சட்டையில் இருந்த படம்! தர்மச் சக்கரம் என்று பொலிஸ் நினைத்தது. பார்த்தால், கப்பல் சுக்கான். இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே இருந்தார். 2024 மே மாதம் சம்பூரில், யுத்தத்தில் இறந்தோர் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் பிடித்ததும் இதே சட்டத்தில்தான். உப்பும் அரிசியும் தண்ணீரும் சேர்ந்தால் வெறுப்புப் பேச்சு!

அஹ்னாப் ஜஸீம் பெயர் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும், பலருக்குத் தெரியாது. மன்னார்ப் பக்கத்து இளம் கவிஞர், புத்தளத்தில் ஆசிரியர். 2017இல் ‘நவரசம்’ என்று ஒரு கவிதைத் தொகுதி போட்டார். 2020 மே 16ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைது. கவிதைகள் தீவிரவாதத்தைத் தூண்டுகின்றனவாம். தமிழ் அறிந்தவர்கள் படித்துப் பார்த்துவிட்டு, வன்முறைக்கு எதிராக அல்லவா எழுதியிருக்கிறார் என்றார்கள். 2021 டிசம்பர்வரை பத்தொன்பது மாதம் உள்ளே. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. ஒரு கவிதைத் தொகுதிக்கு இத்தனை கவனமான வாசகர்கள் கிடைத்தது ஈழத் தமிழ் இலக்கியத்தில் இதுவே முதல் தடவையாக இருக்கும், வாசித்தவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பது மட்டும்தான் குறை. அவரைப் பிடித்த சட்டத்தின் முழுப் பெயரைப் பாருங்கள்: 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம். மூன்று வருடத்துக்கு என்று வந்த தற்காலிகம்!

தமிழர்களின் இறந்தோர்மீதும் இதே கை நீண்டிருக்கிறது. 2009க்குப் பிறகு, இறந்த புலிப் போராளிகளைப் புதைத்த மாவீரர் துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தட்டப்பட்டன. ஓட்டமாவடிக்கு அயலில் கிரான் பக்கம் இருக்கும் தரவையும் அதில் ஒன்று. பிள்ளையின் கல்லறை எங்கே என்று தெரியாத தாய் தோராயமாக ஓர் இடத்தில் விளக்கு வைக்கிறாள். 2020 நவம்பரில் அந்த விளக்கையும் தடுக்கப் பொலிஸார் நீதிமன்றம் போனார்கள், கொரோனாத் தடுப்பையும் காரணமாகச் சொல்லி. அந்தப் போராளிகளை ஏற்பதும் ஏற்காததும் வேறு விடயம். கிழக்கு முஸ்லிம்களுக்குப் புலிகள் செய்ததை மறந்துவிட்டு நான் இதை எழுதவில்லை. தாயின் விளக்குக்கு அரசியல் சான்றிதழ் எதற்கு என்பதுதான் கேள்வி.

தமிழ்நாட்டில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே தடுத்தது அரசல்ல, கூட்டம். 2020 ஏப்ரல் 19ஆம் திகதி சென்னையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. வேலங்காடு மயானத்துக்குப் போனால் கல்லெறி, ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது. கடைசியில் நள்ளிரவில் நண்பரான மருத்துவர் பிரதீப் குமார் மண்வெட்டி எடுத்துத் தானே மண் தள்ளி அடக்கினார். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது, கண்ணியமான அடக்கமும் 21ஆம் உறுப்பின் வாழ்வுரிமைக்குள் வருகிறது என்றது. ஒரு வாரத்தில் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது: அடக்கத்தைத் தடுத்தால் மூன்று வருடம்வரை சிறை. பம்பாய் உயர் நீதிமன்றமும் அந்த மே மாதம், பிரேதத்திலிருந்து நோய் பரவும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லி, பாந்திராவில் புதைப்பதை எதிர்த்த மனுக்களைத் தள்ளியது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கமும் அதே வைரஸ்தான்.

கடைசியில் அரசு மன்னிப்புக் கேட்டது, தெரியுமா? 2024 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்கவின் அமைச்சரவை, கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 270 பேருக்கு மேல். பத்திரத்தைக் கொண்டுபோன அமைச்சர்களில் ஒருவர் அலி சப்ரி. எரித்தபோதும் அவர் அமைச்சர், நீதி அமைச்சர். ஆய்வு ஒன்றையும் அமைச்சரவை எடுத்துக் காட்டியது: நீர்நிலைகளில் வைரஸ் கலப்பது முக்கியமாக மலசலத்தால், பாதுகாப்பான அடக்கத்தால் அல்ல. அதாவது, உயிரோடு இருந்தவர்களால்!

மன்னிப்போடு ஒரு சட்டமும் கொண்டுவருவோம் என்றார்கள். இறந்தவரோ உறவினரோ விரும்பியபடி எரிக்கவோ, புதைக்கவோ, மருத்துவ பீடத்துக்குக் கொடுக்கவோ உரிமை தரும் சட்டம். எல்லா மதத்தாருக்கும். செப்டம்பர் 24ஆம் திகதி அந்தப் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. செத்த உடம்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இனி எழுப்பவேண்டியவர்கள் இப்போதைய 225 பேர்.